மப்ளரா, மஃப்ளரா, மஃபிளரா? ஒலியைப் பொத்தும் ஒரு சொல்லைப் பற்றி

ஆசிரியர்கள் நாம் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் சொற்பட்டியல்களைப் பார்த்திருப்பீர்கள். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல், நடுவில் ஒரு சமக்குறி. அந்தச் சமக்குறிதான் எனக்கு உறுத்தல். ‘மியூட்’ என்றாலும் ஒலியடக்கு, ‘சைலன்ஸ்’ என்றாலும் ஒலியடக்கு, ‘மஃபிள்’ என்றாலும் ஒலியடக்கு என்று ஒரே சட்டையை மூன்று பிள்ளைக்கும் மாட்டிவிடுகிறோம். ஒன்றுக்குச் சரியாக இருக்கும், மற்ற இரண்டுக்கும் தொளதொள.

இதில் மஃபிள் என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். எம், யூ, இரண்டு எஃப், எல், ஈ. கேமரன் மலையில், குறிப்பாகத் தானா ராத்தாவில் கற்பிக்கிறவர்களுக்கு இது தூரத்துச் சொல் இல்லை. ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலிலேயே வெப்பம் 25 டிகிரியைத் தாண்டுவது அரிது. விடியற்காலையில் கொழுந்து எடுக்கப் போகிறவர் கழுத்தில், பள்ளிக்கு நடந்து வருகிற பிள்ளை கழுத்தில், இரவுச் சந்தையில் சோளம் சுடுகிறவர் கழுத்தில் எல்லாம் இந்தச் சொல்லின் மகன் தொங்கிக்கொண்டிருக்கிறான். அவன் பேர் மப்ளர்.

பிள்ளைக்கு மப்ளர் தெரியும். மஃபிள் தெரியாது. ஆங்கிலப் பாடத்தில் ‘மஃபிள்ட் வாய்ஸ்’ என்று வந்தால் விழிக்கிறான். நாம் பட்டியலைப் பார்த்து “ஒலி அடக்கப்பட்ட குரல்” என்று சொல்கிறோம். அவன் இன்னும் விழிக்கிறான். அவன் கழுத்திலேயே கிடக்கிற துணியைக் காட்டி, “இதை வாய்மேல இழுத்துவிட்டுக்கிட்டுப் பேசு” என்றால் அரை நிமிடத்தில் பாடம் முடிந்துவிடும். சொல்லின் பிறப்பும் அங்கேதான் இருக்கிறது.

மஃபிள் என்ற வினை பிறந்தபோது அதற்கும் ஒலிக்கும் சம்பந்தமே இல்லை. பழைய பிரெஞ்சில் ‘மூஃபிள்’ என்றால் விரல் பிரியாத தடித்த கையுறை. இன்றைய பிரெஞ்சிலும் அதுதான் பொருள். அதற்கு முன் இடைக்கால லத்தீனில் ‘முஃபுலா’. கையுறைக்குள் கையை நுழைப்பதுபோல ஒன்றைச் சுற்றி மூடுவதற்கு ஒரு பிரெஞ்சு வினை இருந்தது. அதிலிருந்து ஆங்கில வினை வந்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான அகராதிக்காரர்களின் கருத்து. மப்ளர் 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வருகிறது. அப்போது அது பெண்கள் முகத்தின் கீழ்ப்பகுதியை மூடிக்கொள்ளும் துணி. ஷேக்ஸ்பியரின் ஒரு நகைச்சுவை நாடகத்தில் ஃபால்ஸ்டாஃப் என்ற தடியன் கிழவி வேடம் போட்டுத் தப்பிக்கும்போது முகத்தை மறைக்க உதவுவது இந்த மப்ளர்தான். 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்திலும் பெண்கள் அணியும் முகத்திரைகளைச் சொல்ல இதே சொல் வருகிறது. நம் தமிழில் சொல்வதானால் முக்காடு. ‘முக்காடு போட்டுக்கிட்டுப் போறா’ என்பதைவிட நெருக்கமான மொழிபெயர்ப்பு எனக்குத் தெரியவில்லை.

ஒலி எப்போது உள்ளே வந்தது? 18-ஆம் நூற்றாண்டின் நடுவில். இரவில் எதிரிக்குத் தெரியாமல் படகு வலிக்க வேண்டும் என்றால் துடுப்பு படகின் விளிம்பில் உரசும் இடத்தில் துணி சுற்றுவார்கள். 1776 ஆகஸ்டில் ப்ரூக்ளினிலிருந்து ஜார்ஜ் வாஷிங்டனின் படை இரவோடு இரவாக ஆற்றைக் கடந்து பின்வாங்கியபோது இப்படிச் செய்ததாகச் சொல்வார்கள். சுற்றியது துணி, குறைந்தது சத்தம். செய்கையின் பேர் அதன் விளைவுக்கும் ஒட்டிக்கொண்டது. மோட்டார் வண்டியின் புகைக்குழாயில் வைக்கும் உருளைக்கு இந்தப் பேர் வந்தது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான்.

ஆக, மஃபிள் என்பதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, நடுவில் ஒரு பொருள் வேண்டும். துணியோ, கையோ, சுவரோ, பனியோ எதாவது ஒன்று மூட வேண்டும். இரண்டு, ஒலி செத்துப்போவதில்லை. உள்ளே இருக்கிறது, மங்கலாக வெளியே வருகிறது. மியூட் அப்படி இல்லை. அது ‘பேசாத’ என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அங்கே ஒலி வெளிப்படுவதே இல்லை. கைப்பேசித் திரையில் ‘ஒலியடக்கு’ என்று போடுகிறார்களே, மியூட்டுக்கு அது பொருத்தம், எனக்கு ஆட்சேபம் கிடையாது. ‘ஹஷ்’ என்பது வாயில் விரல் வைத்து எழுப்பும் ஒலியையே சொல்லாக்கியது. நம் ‘உஷ்’ மாதிரி. அதற்குத் தமிழில் ‘கையமர்த்து’ என்று ஓர் அருமையான வினை கிடக்கிறது. கூட்டத்தில் பேச்சாளர் கையை மெல்லக் கீழே இறக்கிக் காட்ட, சலசலப்பு அடங்குமே, அதுதான் கையமர்த்துதல். ஒவ்வொரு வகுப்பிலும் நாள்தோறும் பத்து முறை செய்கிறோம். சொல்லைத்தான் பயன்படுத்துவதில்லை.

ஒலிக்குத் துளியும் தொடர்பில்லாத மஃபிள் ஒன்று தேயிலைத் தொழிலுக்கு வேண்டியதாக இருக்கிறது. ஆய்வுக்கூடங்களில் ‘மஃபிள் ஃபர்னஸ்’ என்று ஓர் உலை உண்டு. எரிபொருளும் புகையும் படாமல் பொருளைத் தனி அறைக்குள் மூடி வைத்துச் சூடாக்குவதால் அந்தப் பேர். தேயிலையின் தரத்தைச் சோதிக்க அதை இந்த உலையில் சுமார் 525 டிகிரியில் எரித்துச் சாம்பலை எடை போடுவார்கள். கறுப்புத் தேயிலையில் மொத்தச் சாம்பல் 4 முதல் 8 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது ஐ.எஸ்.ஓ. 3720 தரநிலை. இதைச் சமக்குறிப் பட்டியலை வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தால் ‘ஒலியடக்கு உலை’ என்று வரும். சிரிப்பு வருகிறதா? அறிவியல் சொற்களில் இதைவிட மோசமானவை நம்மிடம் உலவுகின்றன.

சரி, எழுத்துக்கு வருவோம். பிள்ளைகள் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை எழுதும்போது ஓர் எஃப்பை விழுங்கிவிடுகிறார்கள், அல்லது யூ வரவேண்டிய இடத்தில் ஏ போடுகிறார்கள். கவனக்குறைவு என்று சிவப்பு மை ஊற்றுவதற்கு முன் காரணத்தைப் பாருங்கள். அந்தப் பிள்ளை தேசிய மொழியில் ‘மஃபெலா’ என்று எழுதிப் பழகியது. எம், ஏ, ஒரே எஃப், ஈ, எல், ஏ. மலாய்க்காரர்கள் இந்த ஆங்கிலச் சொல்லைக் கடன் வாங்கி, காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் அது முற்றிலும் சரி. சமவெளியில் இருக்கிற பிள்ளைக்கு மஃபெலா என்றால் குளிர்த் துணிகூட இல்லை. காற்பந்து அரங்கில் ரசிகர்கள் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கத்துகிற துணி. ஒலியை மூடப் பிறந்த சொல், நாட்டிலேயே அதிகச் சத்தம் போடும் இடத்தில் போய் வேலை செய்கிறது!

இரண்டு எஃப் என்னத்துக்கு? இதைச் சொல்லிக்கொடுக்க ‘ஸ்டைஃபிள்’ என்ற சொல்லைப் பக்கத்தில் வையுங்கள். மூச்சையோ அழுகையையோ திணறடித்து அடக்குவது அது. அதில் ஒரே எஃப், அதனால் முன்னால் உள்ள ஐ ‘ஐ’ என்று நீள்கிறது. ரைஃபிள் என்ற துப்பாக்கியும் அப்படியே. மஃபிள், ஷஃபிள், ரஃபிள் மூன்றிலும் இரண்டு எஃப், முன்னால் உள்ள உயிர் குறுகுகிறது. ஆங்கிலத்தில் இரட்டை எழுத்து தனக்காக ஒலிப்பதில்லை, முன்னால் இருக்கிறவனைக் குறுக்க வந்த காவல்காரன் அது. தமிழில் அப்படி இல்லை. ‘படு’ வேறு, ‘பட்டு’ வேறு. இரண்டும் காதில் விழுகின்றன. ‘தானா ராத்தா’ என்று ஊர்ப் பேரை எழுதும்போது நாம் தகரத்தை இரட்டிப்பது வேறு காரணத்துக்காக. ஒற்றைத் தகரம் போட்டால் இரு உயிர்களுக்கு நடுவில் அது மெலிந்து ஒலிக்கும், ‘ராதா’ ஆகிவிடும். ‘சமமான நிலம்’ என்று பொருள்படும் மலாய்ப் பேர் ஒரு பெண்ணின் பேராக மாறிப்போகும். இரட்டிப்பது ஒன்றுதான், ஆங்கிலத்தில் ஒரு வேலை, தமிழில் வேறு வேலை. இரண்டு மொழியையும் மூன்றாவதாக மலாயையும் ஒரே காலைப்பொழுதில் எழுதுகிற பிள்ளைக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டாமா?

இனித் தமிழ் எழுத்து. இங்கேதான் நமக்குள் சண்டை. மப்ளர் என்று எழுதினால் சில ஆசிரியர்கள் அடிக்கிறார்கள், மஃப்ளர் என்று திருத்துகிறார்கள். ஆய்தம் போட்டுவிட்டதால் இலக்கணம் காப்பாற்றப்பட்டதாக ஒரு நினைப்பு.

தொல்காப்பியர் ஆய்தத்துக்குச் சொன்ன இடம் மிகக் குறுகியது. முன்னால் ஒரு குறில் இருக்க வேண்டும், பின்னால் உயிரோடு சேர்ந்த வல்லினம் இருக்க வேண்டும். எஃகு, அஃது, கஃசு என்று சொல்லிப் பார்த்தால் விளங்கும். மஃப்ளரில் ஆய்தத்துக்குப் பின் வருவது புள்ளி வைத்த பகர மெய். உயிர் இல்லை. விதி அங்கேயே உடைந்தது. அதோடு, க ச த ப நான்கும் மெய்யாக நிற்கும்போது தம்மோடுதான் மயங்கும், வேறு மெய்யைப் பின்னால் ஏற்காது. பகர மெய்க்குப் பின் ளகரம் வர இடமில்லை. ஆக மஃப்ளர் இரண்டு இடத்தில் இடறுகிறது, மப்ளர் ஓர் இடத்தில் இடறுகிறது. குறைவாக இடறியதை அடித்துவிட்டு அதிகம் இடறியதை மேலே எழுதுகிறோம்.

இலக்கணம்தான் முக்கியம் என்பவர்கள் மஃபிளர் என்று எழுதட்டும். முன்னால் குறில், பின்னால் ‘பி’ என்ற உயிர்மெய், ளகரத்துக்கும் தடையில்லை. வினையை மஃபிள் என்றே எழுதலாம். பழங்கால ஆய்தத்தின் ஒலி இன்றைய எஃப் ஒலி அல்ல, அது வேற இது வேற. ஆனால் இருக்கிற எழுத்தைப் புது வேலைக்கு அழைக்கும்போது அது உட்காரும் இடத்திலாவது உட்கார வைக்கலாம். (சொல்லின் தலையிலேயே ஆய்தம் வைத்து ஃபேன், ஃபைல் என்று எழுதுகிறோமே, அங்கே முன்னால் குறிலே கிடையாது. அதையெல்லாம் ஏற்றுக்கொண்டவர்கள் மப்ளரிடம் மட்டும் கறாராக இருப்பது எனக்குப் புரியவில்லை.) என்னைக் கேட்டால், பிள்ளை மப்ளர் என்று எழுதினால் அடிக்காதீர்கள். எஃப் ஒலியைப் பகரமாக்கிக்கொள்வது தமிழ் நாக்கு நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை. காப்பி குடிக்கிறவர்கள்தானே நாம். ஆப்பீசுக்கும் போகிறோம்.

எழுத்தைவிடப் பெரிய குறை பொருளில் இருக்கிறது. நம் பிள்ளைகளின் கட்டுரைகளில் சத்தத்துக்கு இரண்டே நிலை. ‘பயங்கரச் சத்தம்’, ‘மெதுவான சத்தம்’. கதவுக்குப் பின்னால் பேசுவதும் மெதுவான சத்தம், பாட்டிக்குத் தொண்டை கட்டிக்கொண்டதும் மெதுவான சத்தம், மழைக்குள் கேட்கும் கோயில் மணியும் மெதுவான சத்தம். சொல் இல்லாமலா? சொல் வீட்டில் இருக்கிறது, நாம் பள்ளிக்குள் விடவில்லை.

‘கம்மு’ என்ற வினையை எடுங்கள். குரல் கம்மிப்போச்சு என்று வீட்டில் சொல்வார்கள். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதி கம்முதலுக்குக் குரல் குன்றுதல் என்றும் வானம் மந்தாரமாதல் என்றும் பொருள் தருகிறது. இந்த இரண்டு பொருளும் ஒரே சொல்லில் இருப்பதைக் கேமரன் மலைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். மேகம் இறங்கி ரிங்லெட் சாலை தெரியாமல் போகிற மத்தியானத்தில் வானமும் கம்முகிறது, எதிர் மேட்டில் கூப்பிடுகிறவர் குரலும் கம்முகிறது. கண்ணுக்கு மங்கல், காதுக்கு மங்கல், இரண்டுக்கும் ஒரே வினை. ஆங்கில மஃபிளுக்குக்கூட வானத்தைத் தொடுகிற இந்தப் பொருள் இப்படி வாய்க்கவில்லை. ‘கம்முனு இரு’ என்று அம்மா அதட்டுவதும் இதன் பக்கத்து வீட்டுச் சொல்தான். அதே ‘கம்’ வாசனைக்கும் போகும், காய்ந்த தேயிலை கம்மென்று மணக்கும். காதில் போடும் கம்மலை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வேறு குடும்பம்.

ஆனால் கம்முவை மட்டும் வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் ஓட்ட முடியாது. அது தானாக நிகழ்வது. ஒருவர் வேண்டுமென்றே மூடினால் ‘பொத்து’ வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தலையணையில் முகம் புதைத்துக் கத்தினால் ‘அமுங்கிய குரல்’. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் ‘மங்கலாகக் கேட்டது’ என்றே சொல்லலாம். அகராதி ஒற்றைச் சொல் கேட்கும், வாக்கியம் கேட்காது. நாம் கற்பிப்பது வாக்கியம்.

எந்தத் தமிழ்ச் சொல்லும் காப்பாற்றாத ஓர் இடமும் இருக்கிறது. ஆங்கிலக் கதைகளிலும் செய்திகளிலும் ‘மஃபிள்ட் டிரம்ஸ்’ என்று வரும். இராணுவ இறுதி ஊர்வலங்களில் முரசின் மேல் கறுப்புத் துணி போர்த்தி, ஒலி அமுங்க அடித்துக்கொண்டு போவார்கள். 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் ஊர்வலத்தில் அப்படித்தான் முழங்கியது. இங்கிலாந்துத் தேவாலயங்களில் மணியின் நாக்குக்குத் தோல் உறை கட்டி அடிக்கிற வழக்கமும் உண்டு. 2022-இல் அரசி எலிசபெத் மறைந்தபோது நாடு முழுக்க அப்படி அடித்தார்கள். அவர்கள் துக்கத்துக்கு ஒலியைப் போர்த்துகிறார்கள். நாம் துக்கத்துக்கு ஒலியைத் திறந்துவிடுகிறோம். நம் ஊரில் சாவு வீட்டுப் பறையின் வேலையே தெருவுக்குக் கேட்பதுதான், ஒப்பாரியை யாரும் வாய் பொத்திப் பாடுவதில்லை. இந்த இடத்தில் ‘ஒலியடக்கப்பட்ட முரசுகள்’ என்று எழுதிக் கொடுத்தால் நம் பிள்ளை என்ன நினைக்கும்? அடிக்கக் கூடாது என்று யாரோ தடை போட்டதாக நினைக்கும். மரியாதை என்று நினைக்காது. ‘துக்கத்துக்காகத் துணி போர்த்திய முரசு’ என்று நாலு சொல் செலவழியுங்கள், குறைந்துபோக மாட்டோம். சமக்குறி இங்கே வெறுமனே பொருந்தாமல் போகவில்லை, பொருளைத் தலைகீழாக்கிவிடுகிறது. என் வழக்கின் பலமான சாட்சி இதுதான்.

வண்டிக்கு வருவோம், ஏனென்றால் ஆண்டு ஆறு பையன்களுக்கு மஃப்ளர் என்றால் யூடியூப்பில் பார்த்த வண்டிப் பாகம். அமெரிக்கர்கள் அப்படிச் சொல்கிறார்கள், பிரிட்டிஷ்காரர்கள் அதையே சைலன்சர் என்கிறார்கள், நம் பட்டறைக்காரர் இரண்டையும் விட்டுவிட்டு எக்ஸோஸ் என்று முடித்துவிடுகிறார். பள்ளி ஆங்கிலம் பிரிட்டிஷ் வழி என்பதால் பாடத்தில் மப்ளர் கழுத்திலும் சைலன்சர் வண்டியிலும் இருக்கும். இரண்டு பேரில் எது நேர்மையானது என்று கேட்டால் நான் அமெரிக்கர் பக்கம். அந்த உருளைக்குள் துளையிட்ட குழாய்களும் சிற்றறைகளும் இருக்கின்றன. வெடிப்பலைகள் அதற்குள் மோதித் திரும்பி ஒன்றை ஒன்று கொஞ்சம் அழிக்கின்றன, சிலவற்றில் கண்ணாடிப் பஞ்சு மீதியை உறிஞ்சுகிறது. சத்தம் தணிகிறது, ‘சைலன்ஸ்’ எங்கேயும் வருவதில்லை. துப்பாக்கிக்கு இந்தப் பொருளை 1909-இல் காப்புரிமையோடு விற்றவர் ஹைரம் பெர்சி மாக்சிம், இயந்திரத் துப்பாக்கி கண்டுபிடித்த மாக்சிமின் மகன். அவர் வைத்த விற்பனைப் பேர்தான் மாக்சிம் சைலன்சர். சினிமாவில் அது ‘புஸ்’ என்று கேட்கும், நேரில் அப்படிக் கேட்காது. அதனால் கருவிக்கு ஒலியடக்கி என்பதைவிட ஒலித்தணிப்பான் என்பதையே நான் ஏற்பேன். நம் நாட்டில் மோட்டார் வாகன ஒலிக்கென்று 1987-ஆம் ஆண்டிலேயே விதிமுறைகள் வந்துவிட்டன. அவை கேட்பதும் அளவுக்குள் தணிக்கச் சொல்லித்தான், ஊமையாக்கச் சொல்லி இல்லை. தேயிலைத் தோட்டங்களில் இரண்டு பேர் பிடித்து வரிசைமேல் ஓட்டுகிற அறுவடை எந்திரத்தைப் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்குத் தணிப்பதற்கும் அடக்குவதற்கும் உள்ள தூரம் தெரியும்.

இந்தத் தவணையில் பயன்படுத்த விரும்புகிறவர்களுக்காக: ஆண்டு ஐந்து, ஆறு பிள்ளைகளிடம் ஒரே வாக்கியத்தைக் கொடுங்கள். “அப்பா கூப்பிட்டார்.” அப்பா பனிக்குள் நின்று கூப்பிட்டால், மப்ளரை வாய்மேல் இழுத்துக்கொண்டு கூப்பிட்டால், தொண்டை கட்டிக்கொண்டு கூப்பிட்டால், எந்திரம் ஓடும்போது கூப்பிட்டால், தங்கச்சி தூங்குகிறாள் என்று பார்த்துக் கூப்பிட்டால் என்று ஐந்து முறை எழுதச் சொல்லுங்கள். ‘மெதுவாக’ என்ற சொல்லை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு வர ஒரு நாள் கொடுங்கள். வருகிற சொற்களில் சில உங்களிடம் உள்ள அகராதியில் இருக்காது. அதற்காக அடித்துவிடாதீர்கள், தனியாக ஒரு தாளில் எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள்.